தலைவியின் சம்மதத்துடன்

திருகோணமலை
09.02.2025

அன்புள்ள பாக்கியக்காவுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நானும் இவரும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் சுகம் என்று உங்கள் கையெழுத்தில் பார்க்கும் வரைக்கும் எனக்கு மனம் ஆறாது.

ஒப்பரேஷன் முடிந்த செய்தியை நிரோஜினி போனில் சொன்னாள். "ஆன்ட்டி, குரல்பெட்டியை முழுசா எடுத்திட்டினம். அம்மாவுக்கு இனிக் கதைக்க ஏலாது" என்றாள். "போனில எழுத்தடிக்க அம்மாவுக்குப் பொறுமை இல்லை. கடிதம் போடுங்கோ. முப்பது வருசம் தபால் கந்தோரில இருந்தவ, கடிதம் எண்டால் சந்தோசப்படுவா" என்று அவளே வழியும் சொல்லித் தந்தாள். அதுதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்பிவிடாதீர்கள்.

எங்கள் பெண்கள் தோட்டக் கழகத்தின் கூட்டம் சனிக்கிழமைகளில் ஒழுங்காக நடக்கிறது. நீங்கள் இல்லாத கூட்டம் கூட்டம் மாதிரி இல்லை. இருபத்தொரு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கிறோம், ஒருத்தரும் கேட்பதில்லை. நேற்று சனூஸா மேசையில் தட்டி, "பாக்கியக்கா இருந்தால் ஒரு கனைப்பிலே எல்லாரையும் இருத்தியிருப்பா" என்றா. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தரும் ஒருத்தரையொருத்தர் பார்க்கவில்லை.

கிட்டங்கிக் காணி இந்த முறை நல்ல மழை குடித்துவிட்டது. நாற்றுமேடையில் கத்தரி, கொச்சி மிளகாய், தக்காளி மூன்றும் முளைத்து நிற்கின்றன. எல்லாருடைய வீட்டுத் தோட்டத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம். உங்களுடைய பாத்தியில் பயிற்றை கொடி விட்டுத் தடி ஏறுகிறது. நான் காலையும் மாலையும் பார்க்கிறேன். அரிசியும் சமையல் காஸும் இல்லாமல் தவித்த அந்த வருசம், கொம்பனியின் சாமான் கிட்டங்கிக்குப் பின்னால் துருப்பிடித்த இரும்பும் போத்தல் ஓடும் கிடந்த நிலத்தைக் காட்டி, "இதைக் கேட்டுப் பார்ப்பம்" என்று என்னை இழுத்துக்கொண்டு கொம்பனிக்குப் போனீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள்தான் கதைத்தீர்கள்.

கெதியில் சுகமாகி வாருங்கள், அக்கா.

உங்கள் தங்கை,
பஸ்மியா

---

வத்தளை
20.02.2025

அன்புள்ள பஸ்மியா,

உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சிவப்புப் பேனை கைவசம் இல்லை, தப்பிவிட்டீர்.

என் கழுத்தில் இப்போது ஒரு துளை இருக்கிறது. அதனால்தான் மூச்சு விடுகிறேன். பருத்தித் துணி ஒன்றைச் சுற்றிக்கொள்கிறேன். இருமல் வந்தால் வாயை மூடப் போன கை பாதியில் நின்று கழுத்துக்கு வரவேண்டியிருக்கிறது. இன்னும் பழகவில்லை. கதிர் வைத்தியத்துக்கு ஆறு கிழமை மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். மகள் நல்லாய்ப் பார்க்கிறாள். அவளுடைய வீடு மூன்றாம் மாடி. வெளி விறாந்தையில் ஒரு மண்சட்டி வைக்கக்கூட அனுமதி இல்லையாம்.

எனக்கு வலியைவிடக் கஷ்டம் வேறொன்று. டொக்டர்மாரும் தாதிமாரும் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கிற நிரோஜினியிடம், "அம்மாவுக்கு நோகுதா?" என்று கேட்கிறார்கள். குரல் போனால் காதும் புத்தியும் போய்விட்டதென்று நினைக்கிறார்கள். சின்னக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். நான் எழுதி முடிக்கும் முன்னம் ஆட்கள் போய்விடுகிறார்கள்.

தலைவி என்றபடியால் ஒன்று சொல்லவேண்டும். கொம்பனிக்குப் புது மனேஜர் வந்திருப்பதாக இங்கே வரும் முன்னம் கேள்விப்பட்டேன். காணியைப் பற்றிக் கேட்டால், 2022இல் தந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டும். அதற்கு மேல் ஒன்றும் பேசவேண்டாம். எனக்கு எழுதும். நான் பதில் எழுதுவேன். எழுத ஏலும் எனக்கு.

என்னுடைய பாலையூற்று வளவு வெறும் கல்லுத்தரை என்பது உமக்குத் தெரியும். அந்த ஒரு பாத்திதான் எனக்குத் தோட்டம். பயிற்றைக்கு வேரில் ஊற்றும், இலையில் தெளிக்க வேண்டாம்.

அன்புடன்,
பாக்கியரத்தினம்

---

திருகோணமலை
14.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நோன்பு காலம். கஞ்சி காய்ச்சி முடித்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். மண்சட்டிக்கு அனுமதி இல்லை என்ற இடத்தில் தவமலர் அழுதுவிட்டா.

நீங்கள் சொன்னபடியே அந்த மனேஜர் வந்தார். நல்ல மரியாதையான ஆள், நம்முடைய தமிழ்தான் கதைக்கிறார். பாத்தி பாத்தியாக நடந்து பார்த்தார். வெண்டிக்காய் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "நல்லா வச்சிருக்கிறீங்க" என்றார். பிறகு, லொறிகள் நிறுத்த இடம் போதவில்லை, காணியை எடுக்கவேண்டி வரலாம் என்றார். நான் அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். "இதில எவ்வளவு காலத்துக்கு எண்டு இல்லையே" என்று திருப்பித் தந்துவிட்டார்.

எங்கள் இவரும் அங்கேதானே லொறி ஓட்டுகிறார். அவரிடம் கேட்டேன். "அதெல்லாம் பெரிய ஆக்கள்ற கதை, எனக்குத் தெரியாது" என்றுவிட்டார்.

என்ன செய்வது, அக்கா? உங்களைப் போல எனக்குக் கதைக்க வராது. ஒரு ஆள் கதிரையில் சாய்ந்து இருந்து கதைத்தாலே எனக்கு நா ஒட்டிவிடும். கெதியில் எழுதுங்கள்.

உங்கள்,
பஸ்மியா

---

வத்தளை
25.03.2025

அன்புள்ள பஸ்மியா,

பயப்பட வேண்டாம். உம்முடைய கடிதம் கிடைத்த அன்றே கொம்பனியின் தலைமைக் காரியாலயத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். இருபத்தொரு வீட்டுக்கு நாற்றுப் போகிற இடம் அது, வேறு காணி காட்டாமல் எடுப்பது நியாயமில்லை, குறைந்தது அடுத்த மாரி வரையாவது தவணை தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். கதிர் வைத்தியம் முடிந்ததும் நிரோஜினியைக் கூட்டிக்கொண்டு நேரில் போவேன். வாய் இல்லாத ஒருத்தி கொப்பியோடு வந்து முன்னால் இருந்தால், எழுதி முடிக்கும் வரைக்காவது இருக்கத்தானே வேண்டும்.

கெட்டித்தனமாகக் கதைக்க வேண்டும் என்று உம்மிடம் நான் கேட்கவில்லை. "தலைவியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரு வசனம் போதும். அதை எத்தனை தரமும் சொல்லலாம். ஒருத்தரும் அதற்காக உம்மைக் கோபிக்க ஏலாது.

எல்லாரிடமும் சொல்லும், நான் விடமாட்டேன் என்று.

பெருநாளுக்கு உங்கள் எல்லாருக்கும் என் வாழ்த்து. இந்த வருசம் உம்முடைய வட்டிலப்பம் எனக்கு இல்லை. இருந்தாலும் விழுங்க ஏலாது.

அன்புடன்,
பாக்கியரத்தினம்

---

திருகோணமலை
08.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பெருநாளுக்கு முதல் நாள் கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். வீட்டில் விருந்தாட்கள்.

இங்கே எல்லாரும் சுகம். வெயில் தொடங்கிவிட்டது. உங்கள் பயிற்றை பூத்திருக்கிறது. நாற்று எல்லாருக்கும் பங்கிட்டாகிவிட்டது.

காணியைப் பற்றி நீங்கள் இப்போது யோசிக்க வேண்டாம். வருத்தக்காரர் மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது. அந்தக் காரியாலயத்துக்கு அலைய வேண்டாம், அக்கா. உடம்பு தேறட்டும். பிறகு பார்ப்போம்.

நிரோஜினிக்கு என் சலாம்.

பஸ்மியா

---

வத்தளை
22.04.2025

பஸ்மியாவுக்கு,

நேற்றுத் தலைமைக் காரியாலயத்துக்குப் போனேன். மூன்றாவது முயற்சியில்தான் உள்ளே விட்டார்கள். ஒரு அதிகாரி, வயது ஐம்பது இருக்கும், எனக்குக் கதிரை இழுத்துப் போட்டுத் தண்ணீர் தந்தார். நான் வீட்டிலேயே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாக முழுவதையும் வாசித்தார். இவ்வளவு நாளில் என் எழுத்தை முழுதாக வாசித்த முதல் அந்நியர் அவர்தான்.

பிறகு ஒரு கடிதக் கோவையை எடுத்தார். "அம்மா, நீங்க ஏன் வந்திருக்கிறீங்க எண்டு எனக்கு விளங்கேல்ல. உங்கட கழகமே மார்ச் 27ஆம் திகதி காணியைக் கையளிச்சிட்டுதே" என்று தாளை என் பக்கம் திருப்பினார். கீழே உம்முடைய கையெழுத்து. செயலாளர். மேலே, 'தலைவியின் சம்மதத்துடன்' என்று அச்சடித்திருந்தது.

பேனையை எடுத்தேன். என்ன எழுதுவது? நான் சம்மதிக்கவில்லை என்று எழுதினால் நீர் பொய்க் கையெழுத்து வைத்ததாகும். எழுதாமல் விட்டால் நான் சம்மதித்ததாகும். அவர் காத்துக்கொண்டிருந்தார். நிரோஜினி, "அம்மா, எழுதுங்கோவன்" என்றாள். கொப்பியை மூடிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் மகள் ஏன் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

என் பயிற்றை பூத்திருக்கிறது என்று ஏப்ரல் எட்டாம் திகதி எழுதியிருக்கிறீர்.

என்ன நடந்தது என்று மட்டும் எழுதும். மறைக்க வேண்டாம்.

பாக்கியரத்தினம்

---

திருகோணமலை
30.04.2025

அக்கா,

மறைக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

27ஆம் திகதி காலை பத்து மணிக்கு மனேஜர் வரச் சொல்லியிருந்தார். நோன்போடு போனேன். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"தலைவிக்குச் சுகமில்லையாமே?"

"ஓம் சேர், மஹரகமவுக்குப் போய் மருந்து எடுக்கிறா."

"கதைக்கவும் ஏலாதாம்?"

"ஏலாது, சேர்."

"அப்ப இனிக் கழகத்துக்காகக் கதைக்கிற ஆள் நீங்கதான்" என்று சொல்லி, தாளை நீட்டினார். வாசித்தேன். விளங்காமல் கையெழுத்து வைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், நல்ல தமிழில்தான் இருந்தது. "அக்காட்டக் கேக்கவேணும், ஒரு கிழமை தாங்க சேர்" என்றேன். அல்லாஹ் அறிய அதைச் சொன்னனான், அக்கா. அப்போது உங்கள் கடிதம்கூட என் கைக்கு வந்திருக்கவில்லை.

அவர் கோபிக்கவில்லை. ஜன்னலால் வெளியே பார்த்தார். முற்றத்தில் இவர் லொறி கழுவிக்கொண்டு நின்றார்.

"ஜவ்பர் நல்ல டிரைவர். மே மாசம் அவர்ட கொன்ராக்ட் முடியுது, என்ன?" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் கையெழுத்து வைத்தேன்.

இவருக்கு இதுவரை தெரியாது. தெரிந்தால் அன்றே வேலையை விட்டிருப்பார். நாற்பத்தொன்பது வயதில் இவரை வேறு யார் எடுப்பார்கள்?

அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் உண்மையைச் சொல்லத்தான் எழும்பினேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "எங்கட காணி என்ன கதை?" என்று சனூஸா கேட்டா. என் வாயிலிருந்து, "அக்கா சம்மதிச்சிட்டா. அவவுக்கு இனி ஓடித்திரிய ஏலாதாம், குடுத்திடச் சொல்லிப்போட்டா" என்று வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்த பிறகு திருப்பி எடுக்க ஏலவில்லை. உங்களை ஒருத்தரும் போனில் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதுவும் அந்த நேரம் என் நெஞ்சில் இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

ஏப்ரல் மூன்றாம் திகதி மண் தோண்டுகிற பெக்கோ வந்தது. தவமலரும் சனூஸாவும் வாளியோடு ஓடி வந்து நாற்றுகளைக் கையால் கிண்டி எடுத்தார்கள். பெக்கோ ஓட்டினவன் பாவம், இயந்திரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்தான். பிறகு அவனும் என்ன செய்வான்? உங்கள் பயிற்றையில் நிறையப் பூ இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் நான் எழுதின அன்று அது இல்லை.

"எங்களிட்ட ஒரு வார்த்தை கேக்காமல் தன்ர சுகத்துக்குக் குடுத்திட்டா" என்று சனூஸா எல்லாரிடமும் உங்களைப் பற்றிச் சொல்லித் திரிகிறா. நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன். கூட்டத்தில் சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.

பஸ்மியா

---

வத்தளை
11.05.2025

பஸ்மியா,

கூட்டத்தில் நீர் ஒன்றும் சொல்ல வேண்டாம். நீர் சொன்னால் அடுத்த நாள் ஜவ்பரின் காதுக்குப் போகும், அதற்கு அடுத்த நாள் மனேஜரின் காதுக்குப் போகும். காணி திரும்பி வராது. உங்கள் வீட்டுச் சம்பளமும் போகும்.

தவமலருக்கு இன்று ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை எல்லாருக்கும் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். காணியைக் கொடுக்கச் சொன்னது நான்தான், பஸ்மியா வேண்டாம் என்றுதான் சொன்னா, நான் கேட்கவில்லை, என்னை மன்னியுங்கள் என்று எழுதியிருக்கிறேன். தலைவிப் பதவியையும் விட்டுவிட்டேன். இனி இதைப் பற்றி ஒருத்தரும் உம்மைக் கேட்கமாட்டார்கள்.

நீர் பயந்தது பிழையென்று நான் நினைக்கவில்லை. ஒரு மனிசிக்குப் பயம் வரக் கூடாதா? ஒரு கடிதம் எழுதி, "அக்கா, இப்படிக் கேட்கிறார்கள், எங்கள் இவரின் வேலை போகப்போகிறது" என்று கேட்டிருந்தால், "வையும் கையெழுத்தை" என்றுதான் பதில் எழுதியிருப்பேன். கையெழுத்து வைத்த அன்று இரவு எழுதியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கிறது. நீர் என்னைக் கேட்கவில்லை. டொக்டர்மார் கேட்காதது, பஸ் கொண்டக்டர் கேட்காதது வேறு. அவர்களுக்கு என்னைத் தெரியாது. உமக்குத் தெரியும். மாதம் இரண்டு கடிதம் போட்டுக்கொண்டுதானே இருந்தோம்.

இனி எனக்கு எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. உம்முடைய கடிதம் வந்தால், இதில் எது பூத்தது, எது பூக்கவில்லை என்று யோசித்துக்கொண்டு இருப்பேன். அந்த யோசனைக்கு என்னிடம் இப்போது பெலன் இல்லை.

பிள்ளைகளைக் கவனமாகப் பாரும்.

பாக்கியரத்தினம்

---

திருகோணமலை
29.06.2025

அன்புள்ள பாக்கியக்காவுக்கு,

நீங்கள் வேண்டாம் என்ற பிறகும் எழுதுகிறேன். நீங்கள் ஊருக்கு வந்துவிட்டது தெரிந்தும், பாலையூற்று முகவரிக்கு முத்திரை ஒட்டித் தபாலில் போடுகிறேன். சைக்கிளில் வந்தால் இருபது நிமிடம். வர எனக்குத் துணிவில்லை.

அந்தச் சனிக்கிழமை தவமலர் உங்கள் கடிதத்தை வாசித்தா. நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் நான் எழும்பினேன். "அக்கா சொன்னது உண்மையில்லை. எல்லாம் என்ட பிழை. கையெழுத்து வச்சது நான்" என்றேன். வேலைக் கதையைச் சொல்லவில்லை, மற்றதைச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை, அக்கா. சனூஸா என் தோளைப் பிடித்து இருத்தினா. "இரு பஸ்மியா. உன்ட குணம் எங்களுக்குத் தெரியாதா? அவட பழியையும் நீ ஏன் தலையில தூக்கிப் போடுறாய்? அவவே தன்ர கையால எழுதியிருக்கிறாவே" என்றா. திரும்பவும் சொன்னேன். சொல்லச் சொல்ல என்னை நல்லவளாக்கினார்கள். தவமலர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தா. பிறகு என்னையே தலைவியாகத் தெரிவுசெய்தார்கள். வேண்டாம் என்றேன். அதையும் அடக்கம் என்றார்கள்.

இப்போது கூட்டம் சனூஸாவின் வளவில் நடக்கிறது. அவரவர் வீட்டில் உரப்பைகளில் நாற்றுப் போடுகிறோம். பாதி காய்ந்து போகிறது. இவருக்குக் கொன்ராக்டை மூன்று மாதத்துக்கு மட்டும் நீட்டித் தந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்னவென்று அவருக்கும் தெரியாது.

இதெல்லாம் சொல்ல எழுதவில்லை. வியாழக்கிழமை மார்க்கெட்டில் நடந்ததற்காக எழுதுகிறேன்.

நீங்கள் வருவதை நான் தூரத்திலேயே கண்டுவிட்டேன். நன்றாக மெலிந்துவிட்டீர்கள். கழுத்தில் வெள்ளைத் துணி. சனூஸாவும் தவமலரும் எதிரே வந்தார்கள். நீங்கள் கையை உயர்த்தினீர்கள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீன் பக்கம் போய்விட்டார்கள். உங்களுக்குக் கூப்பிட ஏலாது. உயர்த்திய கையால் துணியைச் சரிசெய்துகொண்டீர்கள். நான் இரண்டு கடை தள்ளி நின்றேன். ஓடிப் போய் அவர்களைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

பிறகு உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன். "அக்கா" என்றேன். நீங்கள் பார்த்தீர்கள், தலையை ஆட்டினீர்கள். தபால் கந்தோரில் முத்திரை வாங்க வருகிற ஆட்களுக்கு ஆட்டுவது மாதிரி. பிறகு மரக்கறிக் கடைக்காரர் பக்கம் திரும்பி, கொப்பியில் எழுதி நீட்டினீர்கள். அந்த மனிசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "எனக்கு எழுத்து வாசிக்க வராது, தங்கச்சி. அம்மா என்ன கேக்கிறா, சொல்லுங்க" என்றார்.

உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வேறு வழியில்லாமல் ஒருத்தர் பொறுத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றீர்கள்.

"கால் கிலோ பயிற்றை. ஒரு கட்டுப் பசளி" என்று வாசித்தேன்.

எழுதியிருந்தது அவ்வளவுதான். அவ்வளவுதான் சொன்னேன், அக்கா. கூட ஒரு சொல் சொல்லவில்லை.

அவர் நிறுத்துத் தந்தார். நீங்கள் என் கையிலிருந்து கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெயிலில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தீர்கள். நான் அங்கேயே நின்றேன். கடைக்காரர், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று இரண்டு தரம் கேட்டார்.

பஸ்மியா